கிராங்க்கேஸுக்கு நடுவில் பேக்கிங் ஏன் இல்லை? – பீட்டில் எஞ்சின் பற்றி ஒரு சந்தேகம்

வணக்கம். இன்றைக்கு நிறைய கேள்விகள் வந்திருக்கின்றன. ஆனால் ஒரு கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதைப் படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் சுற்றுகிறது. ஜெர்மனியிலிருந்து ஒரு தங்கை எழுதியிருக்கிறார். அப்பா எப்போதோ வாங்கி கராஜில் நிறுத்திவைத்த 1968 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் கார், 1500 சிசி எஞ்சின். அப்பாவும் மகளும் சேர்ந்து எஞ்சினைக் கீழே இறக்கி, முழுசாகப் பிரித்து மேசைமேல் பரப்பியிருக்கிறார்கள். படமும் அனுப்பியிருக்கிறார். கேஸ்கெட் செட், அதாவது ஆயில் ஒழுகாமல் பாகங்களுக்கு நடுவில் போடும் பேக்கிங்குகள், வாங்கிவிட்டார்களாம். அதில் வால்வு கவருக்கு இருக்கிறது, ஆயில் பம்புக்கு இருக்கிறது, கீழே உள்ள சல்லடைக்கு இருக்கிறது. எஞ்சினின் நடு உடம்பான கிராங்க்கேஸின் இரண்டு பாதிக்கும் நடுவில் போட மட்டும் எதுவும் இல்லை. "கடையில் விட்டுவிட்டார்களா அண்ணா? நாங்களே பேப்பர் வெட்டிப் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிறார்.

எவ்வளவு நல்ல கேள்வி! யாரும் எதையும் விடவில்லை தங்கச்சி. அங்கே பேக்கிங்கே கிடையாது. பேப்பர் வெட்டிப் போடவே போடாதீர்கள்.

காரணத்தைச் சொல்கிறேன். சாதாரண கார் எஞ்சினில் பிளாக் ஒரே துண்டு. பிஸ்டன்கள் சுற்றவைக்கும் தண்டான கிராங்க் கீழிருந்து ஏறும், அதற்கு மூடி போட்டு முறுக்குவோம். பீட்டிலில் அப்படி இல்லை. கிராங்க்கேஸ் நிலக்கடலை ஓடு மாதிரி நெட்டுக்குத்தாக இரண்டாகப் பிளக்கும். கிராங்க்கும், வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டும் அந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவில் படுத்திருக்கும். அப்படியென்றால் கிராங்க்கைத் தாங்கும் மெயின் பேரிங் உட்காரும் ஒவ்வொரு துளையும் பாதி இந்தப் பக்கம், பாதி அந்தப் பக்கம். தொழிற்சாலையில் இரண்டு பாதியையும் சேர்த்து முறுக்கிய பிறகுதான் அந்தத் துளையைக் கடைந்தார்கள். அதனால்தான் ஒரு கேஸின் பாதி இன்னொரு கேஸின் பாதியோடு சேராது, அவை பிறவி ஜோடி. இப்போது நடுவில் ஒரு பேப்பரைச் செருகினால் என்ன ஆகும்? பேப்பரின் கனம் எவ்வளவோ அவ்வளவுக்குத் துளை முட்டை வடிவமாகிவிடும். இந்த எஞ்சினில் பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் நடுவில் ஆயில் ஓட விட்டிருக்கும் இடைவெளியே சுமார் 0.04 முதல் 0.10 மில்லிமீட்டர் வரைதான். பேப்பர் அதை மொத்தமாகக் கெடுத்துவிடும். பேரிங்கைச் சுற்றியிருக்கும் பிடியும் போய்விடும்.

அப்படியானால் ஆயில் ஒழுகாதா? ஒழுகாது, இரண்டு முகமும் சுத்தமாகவும் சமமாகவும் இருந்தால். சீலன்ட் பசையை மெல்லிசாக, படலம் மாதிரி ஒரு பூச்சு பூசினால் போதும். சிலிகானைத் தடிமனாகப் பிதுக்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். பிதுங்கியது உள்பக்கமும் பிதுங்கும், பிய்ந்துபோய் ஆயிலோடு சுற்றும். இந்த எஞ்சினில் ஆயில் ஃபில்டர் கிடையாது, வெறும் கம்பிச் சல்லடைதான். இரண்டரை லிட்டர் ஆயிலை வைத்துக்கொண்டு பிழைக்கிற எஞ்சின். அதன் வழியில் ஒரு துணுக்கு போய் அடைத்தால் முடிந்தது.

இன்னொன்று, கேஸை மூடும்போது. நான்கு மெயின் பேரிங்கில் இரண்டாவது மட்டும்தான் இரண்டு பாதியாக இருக்கும். மற்ற மூன்றும் முழு வளையம், கிராங்க்கிலேயே கோத்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் கேஸில் ஒரு டோவல் பின் (இடம் மாறாமல் பிடிக்கும் சிறு முளை) உண்டு, பேரிங்கின் துளை அதன்மேல் சரியாக உட்கார வேண்டும். கிராங்க்கை இறக்கிய பிறகு அந்தத் துளை கண்ணுக்குத் தெரியாது. ஆகவே முன்கூட்டியே வெறும் பேரிங்கை டோவலில் உட்கார வைத்து, கேஸின் விளிம்பு ஓடுகிற இடத்தில் பேரிங்மேல் ஒரு பென்சில் கோடு இழுத்துவிடுங்கள். கிராங்க்கை வைக்கும்போது கோடு விளிம்போடு சேரும்வரை பேரிங்கை விரலால் மெல்லத் திருப்பினால், டக்கென்று உட்காருவது கைக்கே தெரியும். உட்காராமல் முறுக்கினால் டோவல் பேரிங்கை நசுக்கும். பெரிய நட்டுகளை முறுக்க முறுக்க, கிராங்க்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்தால் அதற்கு மேல் ஸ்பானரைத் தொடாதீர்கள், திரும்பப் பிரியுங்கள்.

சரி, கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இப்போது இந்தத் தங்கை கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், நான் எதற்கு வரப்போகிறேன் என்று. பொருத்துவதைவிடக் கழற்றுவதுதான் பெரிய வேலை. கழற்றும்போதுதான் எஞ்சின் தன் கதையைச் சொல்லும். மண்ணெண்ணெயில் கழுவி எடுத்துவிட்டால் பாதிக் கதை போய்விடும். எனக்கு வந்த படத்தில் எதையும் இன்னும் கழுவவில்லை. பார்த்ததும் அவ்வளவு சந்தோஷம்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு பேரலில், அதாவது சிலிண்டர் உருளைகளில், மூன்றுக்கு ஒரே நிறம், நான்காவதுக்கு வேறு நிறம். சூட்டை வெளியே விடும் துடுப்புகளில் வறுபட்ட பழுப்பு ஏறியிருக்கிறது. அதன்மேல் சாக்பீஸில் 3 என்று எழுதியிருக்கிறார்கள். அந்த சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வின் (புகை வெளியேறும் வால்வு) தலையைப் பாருங்கள், விளிம்பு ஒரு பக்கம் தின்றுபோயிருக்கிறது.

மூன்றாம் நம்பர் சிலிண்டர் இந்த எஞ்சினின் பழைய நோயாளி. இடது பக்கத்தில், கிராங்க்கின் முனையில் இருக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலுக்கு அருகில் இருப்பது. அந்தக் காலத்து எஞ்சின்களில் ஆயிலை ஆற்றும் கூலர், ஃபேன் கூட்டுக்குள்ளேயே நிமிர்ந்து நிற்கும், இந்த சிலிண்டருக்குப் போகிற காற்றின் வழியில். காற்று முதலில் ஆயிலின் சூட்டை வாங்கிக்கொண்டு அப்புறம்தான் கீழே வரும். 1971 மாடலில்தான் கூலரை வெளியே தள்ளி அதற்குத் தனி வழி கொடுத்தார்கள், ஃபேனையும் அகலமாக்கினார்கள். அதற்கு முந்தைய எஞ்சின்கள் எல்லாம் இந்தக் குறையோடுதான் உலகம் பூரா ஓடின. இந்த எஞ்சினின் அடிப்படை அமைப்பு, 1930களில் பீட்டிலை வடிவமைத்த போர்ஷேவின் குழுவில் ரைம்ஷ்பீஸ் என்ற பொறியாளர் வரைந்தது. 985 சிசியில் தொடங்கி 1584 சிசி வரை வளர்ந்து, 2003இல் மெக்ஸிகோவின் புவெப்லாவில் கடைசி பீட்டில் வெளியே வரும்வரை தாக்குப்பிடித்தது. இரண்டு கோடியே பதினைந்து லட்சத்துக்கும் மேல் வண்டிகள். குறை இருந்தும் இத்தனை ஓடியது என்றால், காற்று போகும் பாதையை மற்ற எல்லா இடத்திலும் அவ்வளவு கவனமாக அடைத்துக் கட்டியிருந்தார்கள்.

ஏர்கூல்டு, அதாவது காற்றால் ஆறும் எஞ்சின் என்றதும் பலர் காற்று பட்டாலே ஆறிவிடும் என்று நினைக்கிறார்கள். பைக்குக்கு அது சரி, ஓடும்போது எதிர்க்காற்று நேராக அடிக்கும். பீட்டிலின் எஞ்சின் பின்னால் ஒரு மூடிய அறைக்குள் இருக்கிறது. பின் கண்ணாடிக்குக் கீழே இருக்கும் துளைகள் வழியாக ஃபேன் காற்றை இழுத்து, தகரக் கூட்டுக்குள் தள்ளி, பேரல்களின் துடுப்புகளுக்கு இடையே மேலிருந்து கீழாக அழுத்தி அனுப்புகிறது. சுற்றியுள்ள தகரமும் ஓரத்து ரப்பர் பட்டியும் மேலே இருக்கும் குளிர்ந்த காற்றுக்கும் கீழே இருக்கும் சூடான காற்றுக்கும் நடுவே சுவர். பிளக் வயர் நுழையும் துளையில் இருக்கிற ரப்பர் குமிழுக்குக்கூட அதுதான் வேலை. டைனமோவைச் சுற்றுகிற அதே பெல்ட்தான் ஃபேனையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்து சிவப்பு விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தச் சொல்வது இதனால்தான்.

என் நண்பர் ஒருவர் தன் வண்டியை ஒரு பட்டறையில் கொடுத்து எஞ்சின் கட்டினார். வண்டியோடு ஒரு அட்டைப்பெட்டியும் வந்தது. "மிச்சம் சார், இது இல்லாமலே ஓடும்" என்றார்களாம். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் வளைந்த இரண்டு தகடுகள், கூடவே, சூட்டைப் பார்த்துக் காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட். அந்தத் தகடுகள் பேரல்களுக்கு அடியில், ஒரு பக்கத்துக்கு ஒன்றாக மாட்ட வேண்டியவை. மேலிருந்து வருகிற காற்று பேரலின் பக்கவாட்டைத் தொட்டுவிட்டு நேரே கீழே ஓடிவிடாமல், அடிப்பக்கத்தையும் சுற்றித் தழுவிப் போகச் செய்பவை அவைதான். வால்வைத் தள்ளும் கம்பிகள் ஓடுகிற புஷ்ராட் குழாய்களுக்கு மேலே ஒளிந்திருப்பதால் எஞ்சின் கட்டிமுடித்த பிறகு கண்ணில் படாது. பேரல்களின் முனையை மூடும் ஹெட்டைப் போடும்போதே மாட்டியாக வேண்டும். அந்த எஞ்சின் ரொம்ப நாள் ஓடவில்லை. நண்பர் செலவழித்த பணத்தை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை.

சூடு ஏறினால் வால்வோடு நிற்காது. கேஸ் மக்னீசியக் கலவை, ஹெட் அலுமினியம், அவற்றை இழுத்துப் பிடித்திருக்கும் நீளமான மரைக் கம்பியான ஸ்டட் இரும்பு. சூட்டில் கேஸும் ஹெட்டும் ஸ்டட்டைவிட அதிகமாக விரியும். அளவு மீறினால் ஸ்டட் கேஸின் மரையைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். ஆகவே தங்கச்சி, ஸ்டட் துளைகளின் மரையை விளக்கு அடித்துப் பாருங்கள். பிய்ந்திருந்தால் லேத்தில் இரும்புப் புஷ் போட்டுத் தருவார்கள். உங்கள் எஞ்சினில் 10 மில்லிமீட்டர் ஸ்டட் இருக்கும், நட்டுக்கு 32 நியூட்டன் மீட்டர் போதும், இரண்டு தவணையாக. பலம் இருக்கிறதே என்று கூட முறுக்காதீர்கள். ஃப்ளைவீல் போட்டதும் கிராங்க்கின் முன்பின் ஆட்டத்தை டயல் கேஜில் பாருங்கள். 0.07 முதல் 0.13 மில்லிமீட்டருக்குள் வரும்படி மூன்று ஷிம்களை (மெல்லிய வளையத் தகடுகள்) தேர்ந்தெடுக்க வேண்டும். வால்வுக்கு விடும் டேப்பெட் இடைவெளி அந்தக் காலக் குறிப்பேட்டில் 0.10 மில்லிமீட்டர் என்று இருக்கும். பிற்பாடு 0.15 ஆக்கினார்கள், நானும் 0.15தான் வைப்பேன், எஞ்சின் முழுசாக ஆறியிருக்கும்போது. முதல் ஸ்டார்ட்டுக்கு முன் பிளக்கைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரில் சுற்றவிடுங்கள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் படத்தில் ஃபேன் கூடு தெரிகிறது, மேல் தகரங்கள் இரண்டும் தெரிகின்றன. அந்த அடித்தகடுகளை நானும் தேடித் தேடிப் பார்த்துவிட்டேன், காணவில்லை. முன்பு எஞ்சினை யாராவது இறக்கினார்களா என்று அப்பாவிடம் கேளுங்கள், கராஜில் பழைய பெட்டிகளையும் பாருங்கள். கிடைக்கவில்லையென்றால் புதிதாகச் செய்து விற்கிறார்கள், விலை பெரிதில்லை. அவை கைக்கு வரும்வரை ஹெட்டைப் பூட்டாதீர்கள். கிடைத்ததா என்று எனக்கு எழுதுங்கள். சரி, அடுத்த கேள்வி கார்புரேட்டர் பற்றி.