சம்பா கோவிலில் இடிந்த ஒரு சுவர்

பங்குத்தந்தை அவர்களே, பங்கு மக்களே, வணக்கம்.

சம்பா கோவில் என்று நாம் சொல்லும், நம் புதுச்சேரி ஜென்மராக்கினி மாதா கோவிலின் கதையைச் சொல்லச் சொன்னார்கள். மிஷன் வீதிப் பக்கம் யாரைக் கேட்டாலும் இடிந்த கதையைத்தான் முதலில் சொல்வார்கள். சரி, அதை முடித்துவிடுவோம். 1692-இல் சேசு சபைத் துறவிகள் கட்டினார்கள். அடுத்த வருடமே ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் இடித்தார்கள். இரண்டாவது கோவில் நிலைக்கவில்லை. மூன்றாவது 1736-இல் முடிந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரையே தரைமட்டமாக்கியபோது அதுவும் போயிற்று. இப்போது நாம் பூசை காண்பது நான்காவது கோவில். முகப்பில் 1791 என்று இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

எதிரி இடித்த கதை கிடக்கட்டும். நாமே இடித்த ஒரு சுவரைப் பற்றிப் பேசத்தான் வந்தேன்.

அந்த மூன்றாவது கோவிலுக்குள் வடபக்கமாக ஒரு சுவர் இருந்தது. ஒரு பக்கம் இன்று நாம் தலித் என்று சொல்லும் கிறிஸ்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறிஸ்தவர்களும் வெள்ளைக்காரர்களும். 1745 அக்டோபரில் காரைக்கால் கோவில் சாமியார், அதாவது பாதிரியார், ஒருவர் ஊருக்கு வந்தார். அவர் கொடுத்த துணிச்சலில், ஒதுக்கப்பட்டிருந்தவர்கள் திரண்டு பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள்தானே, எங்களுக்கு மட்டும் எதற்குச் சுவர் என்று கேட்டார்கள். சாமியாரால் பதில் சொல்ல முடியவில்லை. சுவரை இடிக்கச் சொல்லிவிட்டார். அன்று மாலை ஜெபத்துக்கு எல்லாரும் கலந்து உட்கார்ந்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எழுதி வைத்தவர் அந்தக் காலத்தில் இந்த ஊரில் இருந்து நாட்குறிப்பு எழுதிய ஆனந்தரங்கப் பிள்ளை. கிறிஸ்தவர் அல்ல, பழுத்த வைணவர். சுவர் போனதில் அவருக்கு மகிழ்ச்சி இருந்ததாகவும் தெரியவில்லை. ஆனாலும் கேள்விப்பட்டதை விடாமல் எழுதினார், அந்த மட்டில் அவருக்கு நாம் கடன்பட்டவர்கள்.

அவர் எழுதுவதில் இன்னொன்றும் உண்டு. பெரிய வீட்டு முதலியார் பெண் ஒருத்தி மெல்லிய சேலையும் நகையும் வாசனையுமாக வந்து மண்டியிட, பூசை செய்த சாமியார் பிரம்பால் தொட்டு, இது என்ன வேஷம் என்று அதட்டியிருக்கிறார். பிடித்தது சண்டை! சாதிக்காரர்கள் கூடிச் சாமியாரிடமே தகராறுக்குப் போய்விட்டார்கள். சுவர் போன கோபமும் சேலையைச் சொன்ன கோபமும் ஒன்றாகக் கிளம்பியிருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அப்புறம் விஷயம் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் வரை போயிற்று.

அதோடு பிரிவினை ஒழிந்ததா? இல்லை. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-இல் எழுந்த கோவிலைச் சாதிக்கொரு கூடமாகவே கட்டினார்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். 1748-இல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது, நம் கோவிலை ஒட்டி இருந்த வேதபுரீசுவரர் கோவிலைப் பிரெஞ்சுக்காரர்கள் இடித்தார்கள். பிள்ளை நெஞ்சு கொதித்து எழுதியிருக்கிறார். மூன்று வருடத்துக்கு முன் ஒரு சுவரை எடுத்த அதே வளாகத்தார் அதில் சந்தோஷப்பட்டதையும் அவர் விடவில்லை. இன்று ஈசுவரன் கோவில் காந்தி வீதியில் இருக்கிறது.

பிள்ளையின் நாட்குறிப்பு தமிழில் அச்சாகியிருக்கிறது. இளைஞர்கள் 1745 அக்டோபர், 1748 செப்டம்பர் இரண்டையும் படித்துவிட்டு வாருங்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேட்கலாம், மைக் அங்கே வரும்.