மாத்திரை எத்தனை மணிக்கு, படகு எத்தனை மணிக்கு

வணக்கம். ராமேஸ்வரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி என்று கடலோரம் நெடுக ரேடியோவில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோருக்கும் வணக்கம். மனநலப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். சின்னப் பிள்ளையிலிருந்து தள்ளாத அப்பத்தா வரைக்கும் எந்த வயதில் எதைக் கவனிக்க வேண்டும் என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். தாளில் வரிசையாகத்தான் எழுதி வந்திருக்கிறேன். ஆனால் நடுவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று இருக்கிறது. அங்கே போனால் கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

பிள்ளைகளிடமிருந்து தொடங்குகிறேன். நம் பக்கத்தில் ஒன்று அடிக்கடி நடக்கும். எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை படகைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அப்பா அங்கே சிறையில் இருப்பார். வீட்டில் பிள்ளையிடம், "அப்பா கேரளாவுக்கு வேலைக்குப் போயிருக்காரு" என்று சொல்லி வைத்திருப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கு எல்லாம் தெரியும், இவனுக்கு மட்டும் தெரியாது. அப்புறம் என்ன ஆகும்? எப்போதோ நின்றுபோன படுக்கையை நனைக்கிற பழக்கம் ஏழு வயதில் திரும்ப வரும். காலையில் பள்ளிக்கூடம் என்றால் வயிறு வலிக்கும். அந்த வலி நடிப்பு இல்லை, பிள்ளைக்கு உண்மையாகவே வலிக்கும். திட்டாமல் பாயை அலசிப் போடுங்கள். அன்று ராத்திரியே பிள்ளையைப் பக்கத்தில் படுக்க வைத்து, "அப்பா அங்க இருக்காரு, சாப்பாடு குடுக்குறாங்க, எப்ப வருவாருன்னு எனக்கும் தெரியல, தெரிஞ்சா உனக்குத்தான் முதல்ல சொல்லுவேன்" என்று சொல்லுங்கள். அவ்வளவு போதும், பெரிய விளக்கமெல்லாம் வேண்டாம். இரண்டு வாரம் போயும் குறையவில்லை என்றால் எங்களிடம் கூட்டி வாருங்கள்.

அடுத்து, பிள்ளை பெற்ற பெண். பிரசவமாகி மூன்றாம் நாள், ஐந்தாம் நாள் வாக்கில் காரணமில்லாமல் அழுகை வரும். அது நிறையப் பேருக்கு வருவதுதான், கூட ஆள் இருந்தால் இரண்டு வாரத்துக்குள் சரியாகிவிடும். நான் பயப்படுவது வேறு ஒன்றுக்கு. வீட்டுக்குப் போனால் தாயிடம் ஒரே ஒரு கேள்விதான் முதலில் கேட்பேன்: "பிள்ள தூங்கும்போது நீ தூங்குறியாம்மா?" பிள்ளை தூங்கியும் தாய்க்குத் தூக்கமே வராமல் இரண்டு ராத்திரி போயிருந்தால், கூடவே சம்பந்தமில்லாத பேச்சு, யாரோ பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறார்கள் என்ற பயம் என்று தொடங்கியிருந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். ஆயிரம் பிரசவத்தில் ஒருவர், இருவருக்குத்தான் இது வரும். வந்தால் வேகமாக முற்றும், ஆனால் நன்றாகவே குணமாகும். மந்திரிக்கப் போகிறவர்கள் போங்கள், நான் தடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டுப் போங்கள். அதுவரைக்கும் தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். அதற்காகப் பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டும் போகாதீர்கள், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

சரி, இப்போது நான் சொன்ன அந்த இடத்துக்கு வந்துவிட்டேன். லித்தியம்.

மனம் ஒரு சமயம் தலைகால் புரியாமல் உச்சத்துக்கு ஏறும், இன்னொரு சமயம் எழுந்திருக்கவே முடியாமல் விழுந்து கிடக்கும். இப்படி மாறி மாறி வருவதை இருமுனைக் கோளாறு என்பார்கள். அதற்கு லித்தியம் பலன் தருகிறது என்று 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர் எழுதினார். இன்றைக்கும் அது நல்ல மருந்துதான். ஆனால் நம் கடற்கரை வெயிலும் அந்த மருந்தும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டே இருக்கும்.

ஒரு விசைப்படகு டிரைவர். ஊர் வேண்டாம், இன்றைக்கும் கடலுக்குப் போகிறவர். பல வருஷமாக லித்தியம் சாப்பிட்டு நன்றாக இருந்தார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இருக்கிறதல்லவா, அந்த நாளெல்லாம் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடித்துக்கொண்டு, பிரச்சினையே இல்லை. தடை முடிந்து கடலுக்குப் போனார். இரண்டு வாரத்தில், கரையில் இறங்கும்போதே கால் பின்னுகிறது. டீ கிளாஸைக் கையில் வாங்கினால் பாதி டீ கீழே. நாக்கு குழறுகிறது, வாந்தி, வயிற்றுப்போக்கு. "அண்ணே காலங்காத்தாலேயே ஊத்திட்டாரு" என்று கூட்டாளிகள் சிரித்திருக்கிறார்கள். மனைவிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டி வந்தார். "சிஸ்டர், இவரு குடியை விட்டு நாலு வருஷமாச்சு, வாயில வாடையே இல்ல பாருங்க" என்று அழுகிறார்.

சட்டைப் பையில் இருப்பதை எடுக்கச் சொன்னேன். ஈரம் படாமல் பாலிதீன் கவரில் சுருட்டி ரப்பர் பேண்ட் போட்ட பொட்டலம். உள்ளே லித்தியம் அட்டை, கூடவே பெயர் கிழிந்துபோன இன்னொரு அட்டை. ராத்திரி பகலாக ஸ்டியரிங் பிடித்து நின்ற இடுப்பு வலிக்காகக் கடையில் கேட்டு வாங்கிய டைக்ளோபினாக். "கடல்ல எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கண்ணே?" என்று கேட்டேன். "ஸ்டியரிங்க விட்டுட்டு ஒண்ணுக்குப் போக முடியாது சிஸ்டர், அதனால குடிக்கிறதில்ல."

இதுதான் விஷயம். வியர்வையில் உடம்பின் உப்பும் தண்ணீரும் போய்விட்டால், சிறுநீரகம் மிச்சமிருக்கும் உப்பை வெளியே விடாமல் பிடித்து வைக்கும். லித்தியமும் உப்பு மாதிரியான சரக்குதான், அதையும் சேர்த்தே பிடித்து வைக்கும். அதற்கு மேல் டைக்ளோபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளும் சேர்ந்தால் ரத்தத்தில் லித்தியம் ஏறிக்கொண்டே போகும். 0.6-இலிருந்து 1.2-க்குள் இருக்க வேண்டிய அளவு 1.5-ஐத் தாண்டினால் மருந்து விஷமாகத் தொடங்கும். அவருக்குத் தாண்டியிருந்தது. டாக்டர் லித்தியத்தை நிறுத்தி, குளுக்கோஸ் பாட்டில் என்று நீங்கள் சொல்கிற சலைனை ஏற்றி, சில நாளில் மனிதர் நேரானார்.

இந்த ரத்தப் பரிசோதனையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குப் போட்டால் காலை எட்டு மணிக்கு. விடிய விடியக் கடலில் இருந்து கரைக்கு வந்து, மாத்திரையைப் போட்டுக்கொண்டு நேராக வந்து கை நீட்டினால் அந்த எண்ணை நம்ப முடியாது. அதனால்தான் புதிதாக வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளிடம், மாத்திரை எத்தனை மணிக்கு என்று எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் படகு எத்தனை மணிக்கு என்று கேளுங்கள் என்று சொல்லிச் சொல்லியே என் தொண்டை வற்றியது.

டிரைவருக்கு என்ன செய்தோம்? அவருக்கென்று தனியாக ஒரு தண்ணீர்க் கேன், வீல் ஹவுஸில் கயிறு போட்டுக் கட்டியது. அகல வாய் பாட்டில் ஒன்று, எதற்கு என்று உங்களுக்கே தெரியும். இடுப்பு வலிக்குப் பாராசிட்டமால். முதலில் வெட்கப்பட்டார், பிறகு பழகிவிட்டார். மறுபடியும் சொல்கிறேன், லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள்: தண்ணீரைக் குறைக்காதீர்கள், டாக்டரைக் கேட்காமல் உப்பைத் திடீரென்று நிறுத்தாதீர்கள், கடையில் வலி மாத்திரை வாங்காதீர்கள். கை நடுக்கம் கூடி, வாந்தி, தள்ளாட்டம் வந்தால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் உடனே ஆஸ்பத்திரி. இப்படி எதுவும் இல்லாமல் நன்றாக இருக்கிறவர்கள் நான் பேசியதைக் கேட்டுப் பயந்து மருந்தை நிறுத்திவிடாதீர்கள், அது இதைவிட மோசம்.

பாசி எடுக்கப் போகிற அக்காமார்களுக்கும் இது பொருந்தும். மனநல மாத்திரைகளில் சில வியர்வையைக் குறைக்கும், சில வெயில் பட்டால் தோலைச் சுட்டுவிடும். குளோர்புரோமசின் சாப்பிடுகிறவர் தலைத்துணி, முழுக்கைச் சட்டை இல்லாமல் உச்சி வெயிலில் நிற்கக் கூடாது.

குடியைப் பற்றி ஒரு விஷயம். தினமும் நிறையக் குடிக்கிறவர் மாலை போட்டுவிட்டு ஒரே நாளில் நிறுத்துவார். நல்ல காரியம்தான். இரண்டாம் மூன்றாம் நாள் கை நடுங்கும், தூக்கம் போகும், சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார். சாமி வந்திருக்கிறது என்று வீட்டில் கும்பிடுவார்கள். அது உயிருக்கே ஆபத்தான நிலை. குடியை நிறுத்துவதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டால் ஆபத்தில்லாமல் நிறுத்த வழி இருக்கிறது.

மனநலம் சரியில்லாதவர்களைத் தர்காவுக்குக் கூட்டி வருகிற ஏர்வாடியைச் சொல்லாமல் இந்தக் கடற்கரையில் மனநலம் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அங்கே ஒரு காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. 2017 மனநலச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக் கூடாது என்று தெளிவாகவே சொல்கிறது. வீட்டுக்குள்ளும் கட்டாதீர்கள். தர்காவுக்குப் போகாதே என்று நான் ஒருவரிடமும் சொன்னதில்லை. இப்போது துவாவும் மருந்தும் சேர்ந்தே கிடைக்கும்படி அங்கேயே மனநல சிகிச்சைக்கு ஏற்பாடு இருக்கிறது. 1952-இல் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற அமெரிக்கச் செவிலியர், நோயாளிக்கும் நர்ஸுக்கும் உள்ள உறவே சிகிச்சைதான் என்று எழுதினார். பரீட்சைக்கு மனப்பாடம் செய்த பெயர் அது. தர்கா வாசலில் ஒரு மணி நேரம் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிறகு ஒரு லாத்தா என் கையிலிருந்து மாத்திரையை வாங்கிக்கொண்டபோதுதான் பெப்லாவ் அம்மா எழுதியது எனக்குப் புரிந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள். முதியவர்களுக்கென்று வைத்திருந்த இரண்டு பக்கத்தை மூன்று வரியில் சொல்லிவிடுகிறேன். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல மெல்ல மறதி கூடினால் அது ஒரு வகை. நேற்று வரை நன்றாக இருந்த அப்பத்தா இன்று சாயங்காலம் ஆள் தெரியாமல் பேசினால் அதை வயசுக்கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்று, தண்ணீர் வற்றிய உடம்பு, மலச்சிக்கல், சோடியம் குறைவு, புதிதாகத் தொடங்கிய ஏதாவது மாத்திரை, இவற்றில் ஒன்றாக இருக்கலாம். அன்றே காட்டினால் பெரும்பாலும் தெளிந்துவிடுவார்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.

ராத்திரியிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம், காசு கிடையாது: டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், 14416. எழுதிக்கொள்கிறவர்களுக்காக இன்னொரு முறை: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு. வணக்கம்.