புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் இடம்: வானத்துப் போக்குவரத்தை ஒரு நாடு எப்படி நடத்துகிறது?

[திரை: கறுப்புப் பின்னணியில் மெல்ல நகரும் பச்சைப் புள்ளிகள்]

இந்தத் திரையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு விமானம். புள்ளியை ஒட்டிச் சின்ன எழுத்தில் இரண்டு மூன்று வரிகள் தெரிகின்றன அல்லவா? முதலில் விமானத்தின் அழைப்புப் பெயர். கீழே 350 என்று இருந்தால் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. பக்கத்தில் மேல்நோக்கிய அம்புக்குறி இருந்தால் இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது. அப்புறம் வேகம்.

நம் கண் புள்ளிகள் மேல்தான் போகும். ஹெட்செட் மாட்டிக்கொண்டு இந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்து, தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரின் கண், புள்ளிகளுக்கு நடுவே இருக்கும் காலி இடத்தின் மேல் இருக்கும். இரண்டு விமானங்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி வேண்டும்? மேலும் கீழுமாக என்றால் குறைந்தது 1,000 அடி, அதாவது சுமார் 300 மீட்டர். ஒரே உயரத்தில் பறந்தால், ரேடார் உள்ள வான்வெளியில் பொதுவாக 5 கடல் மைல், ஒன்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். விமான நிலையத்தை நெருங்கும்போது அது 3 கடல் மைல் வரை குறையலாம். உயரத்திலோ தூரத்திலோ, ஏதாவது ஒரு இடைவெளி எந்த நேரமும் இருந்தாக வேண்டும்.

ஒன்பது கிலோமீட்டர் தாராளம் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விமானங்கள் எதிரெதிரே வந்தால், நொடிக்கு அரை கிலோமீட்டர் இடைவெளி கரைகிறது. மொத்தமும் தீர 18 நொடிதான். ஒரு உத்தரவைச் சொல்லி, பைலட் அதைத் திருப்பிச் சொல்லி, விமானம் வளையத் தொடங்குவதற்குள் அந்த நேரம் போய்விடும். அதனால் கடைசி நிமிடம் வரை யாரும் காத்திருப்பதில்லை. இந்த இரண்டும் இன்னும் பத்து நிமிடத்தில் எங்கே சந்திக்கும் என்று முன்கூட்டியே பார்த்து, ஒன்றைச் சற்று மேலே அனுப்பிவிடுவார்கள். பயணிக்கு அது தெரியவே தெரியாது.

[திரை: உலக வரைபடம், நிலத்தின் மேலும் கடலின் மேலும் வான்வெளி எல்லைக் கோடுகள்]

சரி, இந்த வானம் யாருடைய பொறுப்பு? 1944 டிசம்பரில் சிகாகோவில் ஒரு உடன்படிக்கை கையெழுத்தானது. ஒரு நாட்டு நிலத்துக்கு மேல் உள்ள வானம் அந்த நாட்டுக்கே சொந்தம் என்று அது சொன்னது. சொந்தம் என்றால் பராமரிக்கும் பொறுப்பும் சேர்ந்ததுதான். ரேடார், ரேடியோ, வழிகாட்டும் கருவிகள், வானிலைத் தகவல், ஆட்கள் எல்லாம் அந்த நாடு ஏற்பாடு செய்ய வேண்டும். யாருக்கும் சொந்தமில்லாத பெருங்கடல் வானத்தையும் ஐகாவோ என்ற சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு பகுதி பகுதியாகப் பிரித்து நாடுகளிடம் ஒப்படைத்திருக்கிறது. வட அட்லாண்டிக்கின் கிழக்குப் பகுதியில் பெரும்பாலானதை பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து பார்த்துக்கொள்கின்றன. மேற்கே கனடா.

சில நாடுகளில் இது அரசுத் துறை, சில நாடுகளில் அரசுக் கழகம். கனடாவில் 1996 முதல் லாப நோக்கமற்ற தனி நிறுவனம் ஒன்று நடத்துகிறது. செலவுக்குப் பணம் பெரும்பாலும் விமான நிறுவனங்களிடமிருந்து வருகிறது. விமானத்தின் எடை, கடக்கும் தூரம் இரண்டையும் வைத்துக் கட்டணம் போடுவது வழக்கம்.

[திரை: ஒரு விமானம் புறப்படும் இடத்திலிருந்து மேலே போகும் பாதை]

இனி ஒரே ஒரு விமானத்தின் பின்னாலேயே போவோம். 417 என்று வைத்துக்கொள்வோம்.

கதவு மூடுவதற்கு வெகு முன்பே அதன் பயணத் திட்டம் கணினிக்குள் வந்துவிட்டது. போகும் வழியில் ஏதாவது ஒரு பகுதி நிரம்பி வழியும் என்று தெரிந்தால், 417-ஐத் தரையிலேயே நிறுத்தி வைப்பார்கள். வானத்தில் வட்டமடிப்பதைவிடத் தரையில் நிற்பது பாதுகாப்பு, எரிபொருளும் மிச்சம். ஐரோப்பாவில் இப்படிக் கொடுக்கும் நேரத்துக்கு 5 நிமிடம் முன்பிருந்து 10 நிமிடம் பின்பு வரைதான் புறப்படலாம். “ஏன் இன்னும் கிளம்பவில்லை?” என்று நாம் உள்ளே உட்கார்ந்து புலம்புகிற பல நேரங்களில், நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு செக்டரில் இடம் இல்லாததுதான் காரணம்.

செக்டர் என்றால்? ஒரு நாட்டின் வானத்தை ஒரே ஆள் பார்க்க முடியாது. அதைத் துண்டு துண்டாக, குறுக்கிலும் உயரத்திலும் வெட்டியிருக்கிறார்கள். பெரும்பாலும் ஒரு துண்டுக்கு இரண்டு பேர். ஒருவர் பைலட்களோடு பேசுவார். இன்னொருவர் பக்கத்துச் செக்டர்களோடு பேசி, வரப்போகிற விமானங்களை எந்த உயரத்தில் வாங்கிக்கொள்வது என்று முடிவு செய்வார். கூட்டம் அதிகமானால் ஒரு துண்டை இரண்டாக வெட்டுவார்கள்; நள்ளிரவில் திரும்ப ஒட்டிவிடுவார்கள்.

கணினி வருவதற்கு முன்பு ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதப் பட்டி இருந்தது. ஸ்ட்ரிப் என்பார்கள். விரல் அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் செருகி, பலகையில் வரிசையாக அடுக்குவார்கள். கொடுத்த உயரத்தைப் பேனாவால் எழுதி, அது மாறினால் அடித்துப் புதியதை எழுதுவார்கள். எங்கேயோ ஒரு உரசல் வரப்போகிறது என்று சந்தேகம் வந்தால், அந்தப் பட்டியை மட்டும் வரிசையிலிருந்து கொஞ்சம் வெளியே இழுத்து வைப்பார்கள். கண் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நினைவு வரும். இப்போது பல இடங்களில் ஸ்ட்ரிப் திரைக்குள் போய்விட்டது. ஆனால் அங்கேயும் அதை ஒதுக்கி வைக்க வழி வைத்திருக்கிறார்கள். அனுபவத்தில் பிறந்த பழக்கத்தை இயந்திரமும் மதிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

[ஒலி: ரேடியோ இரைச்சல்]

இப்போது காதைக் கொடுங்கள். “417, கிளைம்ப் ஃப்ளைட் லெவல் ட்ரீ ஃபைஃப் ஜீரோ.” திரையில் பார்த்த அதே 350, அதாவது 35,000 அடிக்கு ஏறு என்கிறார். மூன்று ‘ட்ரீ’ ஆகவும் ஐந்து ‘ஃபைஃப்’ ஆகவும் ஒலிக்கிறது. ஒன்பதை ‘நைனர்’ என்பார்கள். இரைச்சலில் ஐந்தும் ஒன்பதும் ஒன்றுபோலக் கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. உடனே பைலட் அதே வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல வேண்டும். “சரி, புரிந்தது” என்றால் போதாது. கன்ட்ரோலர் அதைக் காது கொடுத்துக் கேட்டு, தவறிருந்தால் அங்கேயே திருத்த வேண்டும்.

ஏன் இவ்வளவு கெடுபிடி? 1977 மார்ச் 27. ஸ்பெயினின் டெனரீஃப் தீவில் மூடுபனி. ஒரே ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள். ஒன்றுக்குக் கிடைத்தது புறப்பட்ட பின் போகவேண்டிய வழிக்கான அனுமதி மட்டும். அந்த வாசகத்துக்குள் ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லும் இருந்தது. புறப்படவே அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து அது ஓடத் தொடங்கியது. “பொறுங்கள், நான் கூப்பிடுகிறேன்” என்று டவர், அதாவது விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம், சொன்ன அதே நொடியில் இன்னொரு விமானமும் பேசியதால், இரண்டு குரலும் மோதிக் கீச்சென்ற சத்தம்தான் மிஞ்சியது. இரண்டு விமானங்களும் மோதி 583 பேர் இறந்தார்கள்.

அன்றிலிருந்து ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லை ஓடுபாதையில் உண்மையாகவே அனுமதி கொடுக்கும்போதும், கொடுத்ததை ரத்து செய்யும்போதும் மட்டும்தான் சொல்ல வேண்டும். மற்ற நேரமெல்லாம் ‘டிபார்ச்சர்’. இந்த விதியைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு அந்த மூடுபனிதான் ஞாபகம் வருகிறது.

[திரை: நீலக் கடல், புள்ளிகளுக்கு நடுவே இடைவெளி பெரிதாகிறது]

417 இப்போது கடலுக்கு மேல் வந்துவிட்டது. நடுக்கடலில் ரேடார் கோபுரம் நட முடியாது. முன்பெல்லாம் பைலட் குறிப்பிட்ட புள்ளிகளைத் தாண்டும்போது ரேடியோவில் நேரத்தையும் உயரத்தையும் சொல்வார். அதை நம்பி, முன்னும் பின்னும் பத்து நிமிடப் பறப்புத் தூரம் விட்டார்கள். கண்ணுக்கு எவ்வளவு குறைவாகத் தெரிகிறதோ, அவ்வளவு அதிகமாக இடம் வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அப்புறம் செயற்கைக்கோள் வழியாக விமானமே தன் இடத்தை அனுப்பத் தொடங்கியது; உத்தரவுகள் எழுத்துச் செய்தியாகப் போயின. 2019 முதல் விமானம் ஒலிபரப்பும் இடக்குறிப்பைச் செயற்கைக்கோள்களே நேராகப் பிடிக்கின்றன. கடலிலும் இடைவெளி சுருங்கிவிட்டது.

இவ்வளவும் இருந்தும் தவறு நடந்தால்? பெரிய விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி இருக்கிறது. இரண்டு விமானங்களின் கருவிகளும் தங்களுக்குள் பேசி, ஒன்றை “ஏறு” என்றும் மற்றதை “இறங்கு” என்றும் சொல்லும். 2002 ஜூலை 1 இரவு, ஜெர்மனியின் யூபர்லிங்கன் ஊருக்கு மேலே அது சரியாகத்தான் சொன்னது. ஆனால் கருவி “ஏறு” என்ற விமானத்துக்கு, கன்ட்ரோலர் “இறங்கு” என்றார். அவர் அன்றிரவு தனி ஆளாக இரண்டு கன்ட்ரோலர் இருக்கைகளின் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பராமரிப்பு வேலையால் தொலைபேசி வழியும் எச்சரிக்கை அமைப்பின் ஒரு பகுதியும் நின்றிருந்தன. பக்கத்து மையத்தில் இருந்தவர்கள் ஆபத்தைப் பார்த்து அழைத்தும் இணைப்பு கிடைக்கவில்லை. இரண்டு விமானங்களும் மோதி 71 பேர் இறந்தார்கள். அதற்குப் பின் சந்தேகத்துக்கு இடமில்லாமல் எழுதிவிட்டார்கள்: கருவி ஒன்று சொல்ல, கன்ட்ரோலர் வேறு சொன்னால், கருவி சொல்வதையே பைலட் கேட்க வேண்டும். என் பார்வையில், ஒரு இருக்கையில் எத்தனை பேர், எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை ஓய்வு என்ற கேள்விக்கு ரேடாருக்கு நிகரான மதிப்பு உண்டு.

[திரை: மறுபடியும் அந்தப் பச்சைப் புள்ளிகள்]

417 நாட்டின் வான் எல்லையை நெருங்குகிறது. எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு எல்லையைத் தொடும் என்று அடுத்த நாட்டு மையத்துக்கு ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. கன்ட்ரோலர் சுற்றிலும் ஒருமுறை பார்க்கிறார். முன்னால் 12 மைலில் ஒன்று, கீழே 2,000 அடியில் ஒன்று. இடம் இருக்கிறது. புதிய அலைவரிசை எண்ணைச் சொல்கிறார். பைலட் அதை எண் எண்ணாகத் திருப்பிச் சொல்லி, “குட் டே” என்கிறார். திரையில் 417-இன் புள்ளியை ஒட்டிய எழுத்துகளின் நிறம் மாறுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் வேறொரு குரல் 417-ஐக் கூப்பிடுகிறது.