மேலே சொல்லியாகிவிட்டது

நேயர்களுக்கு வணக்கம்.

கல்வியும் விளையாட்டும் பற்றிப் பேசுங்கள் என்று அழைத்தார்கள். பொதுவாகப் பேசினால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அதனால் நான் இருந்து பார்த்த ஓர் ஊரின் கதையைச் சொல்கிறேன்.

2001 ஆகஸ்டில் மேல்படிப்புக்காக அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துக்குப் போனேன். பல்கலைக்கழகத்தைச் சுருக்கமாக பென் ஸ்டேட் என்பார்கள். ஊரின் பெயரே ஸ்டேட் காலேஜ். சுற்றிலும் மலை, சோளக்காடு, மாட்டுப் பண்ணை. அந்தச் சின்ன ஊரில் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரும் விளையாட்டரங்கம். சனிக்கிழமை ஆட்டம் என்றால் வெள்ளிக்கிழமையே சாலையில் கார்கள் வரிசை கட்டிவிடும். நம் ஊர்த் தேரோட்டம் போலத்தான். ஆடுவது நம் கால்பந்து அல்ல, பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டி மோதி ஓடும் ஃபுட்பால். அதன் விதிகள் இன்றுவரை எனக்குப் பாதிதான் புரியும். ஆனால் தேரில் உட்கார்ந்திருக்கும் உற்சவர் யார் என்பது முதல் வாரத்திலேயே புரிந்துவிட்டது. அவர் ஜோ பட்டர்னோ, தலைமைப் பயிற்சியாளர். ஊருக்கே அவர் ஜோபா.

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். ஆங்கில இலக்கியம் படித்தவர். 1950-இல் உதவிப் பயிற்சியாளராக வந்து, 1966-இல் தலைமைப் பொறுப்பேற்றார். 1982, 1986 இரண்டு ஆண்டுகளிலும் அவரது அணி தேசிய சாம்பியன். தடித்த கண்ணாடி, கணுக்காலுக்கு மேலே மடித்துவிட்ட பேன்ட், வெள்ளை சாக்ஸ், கறுப்பு ஷூ. வீரர்களின் சட்டை முதுகில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். குடியிருந்ததும் சாதாரண வீடுதான். ஆட்டத்தில் ஜெயிப்பது போதாது, பையன்கள் படித்துப் பட்டம் வாங்க வேண்டும் என்பார். வெறும் வாய்ப்பேச்சு என்று அதைத் தள்ளிவிட முடியாது. 1998-இல் அவரும் மனைவி சூவும் பல்கலைக்கழகத்துக்கு 35 லட்சம் டாலர் கொடுத்தார்கள். நூலகத்தின் புதிய பகுதிக்கு அவர் பெயர்தான். ஃபுட்பால் கோச் ஒருவர் பெயரில் நூலகம்! நான் இரண்டு ஆண்டுகள் உட்கார்ந்து படித்தது அங்கேதான். குளிர்காலத்தில் என் அறையைவிட அங்கே கதகதப்பாக இருக்கும் என்பதும் ஒரு காரணம்.

அந்த ஆண்டு அக்டோபர் 27. நூலகத்தில் இருந்தேன். திடீரென்று தூரத்தில் ஒரு இரைச்சல். கடல் சத்தம் போல எழுந்து அடங்கவே இல்லை. 27-9 என்று பின்தங்கியிருந்த அணி, ஒஹாயோ ஸ்டேட்டை 29-27 என்று வீழ்த்தியிருந்தது. பட்டர்னோவின் 324-ஆவது வெற்றி, பழைய சாதனையைத் தாண்டிய வெற்றி. சில நாள் கழித்து நவம்பரில் அரங்கத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை திறந்தார்கள். ஒரு விரலை உயர்த்தியபடி ஓடி வருகிறார், பின்னால் சுவரில் வீரர்கள் ஓடி வருகிறார்கள். பெயருக்குக் கீழே 'கல்வியாளர், பயிற்சியாளர், மனிதநேயர்' என்று பொறித்திருந்தார்கள். நானும் அதன் பக்கத்தில் நின்று படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

அதே ஆண்டு பிப்ரவரியில் நடந்ததை நாங்கள் தெரிந்துகொள்ளப் பத்து ஆண்டு ஆனது.

ஜெர்ரி சான்டஸ்கி என்றொருவர். பட்டர்னோவிடம் முப்பது ஆண்டுகள் உதவிப் பயிற்சியாளராக இருந்து 1999-இல் ஓய்வு பெற்றவர். ஆதரவற்ற சிறுவர்களுக்கென்று 1977-இல் ஒரு தொண்டு அமைப்பைத் தொடங்கி நடத்தியவர். ஓய்வுக்குப் பிறகும் அணியின் கட்டடத்துக்குள் வந்துபோகும் உரிமை அவருக்கு இருந்தது. பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, மைக் மெக்குயரி என்ற இளம் உதவியாளர் அந்தக் கட்டடத்தின் உடைமாற்றும் அறைக்குப் போகிறார். குளியல் பகுதியில் சான்டஸ்கி ஒரு சிறுவனிடம் பாலியல் ரீதியாக நடந்துகொள்வதைப் பார்க்கிறார். மறுநாள் காலை பட்டர்னோவின் வீட்டுக்குப் போய்ச் சொல்கிறார்.

பட்டர்னோ என்ன செய்தார்? விளையாட்டுத் துறை இயக்குநர் டிம் கர்லியிடம் சொன்னார். ஆனால் அன்றைக்கே சொல்லவில்லை. சனிக்கிழமை ஆயிற்றே, மேலதிகாரிகளுடைய வார விடுமுறையைக் கெடுக்க வேண்டாம் என்று இருந்துவிட்டதாகப் பத்தாண்டு கழித்து அவரே சாட்சியம் சொன்னார். இந்த வழக்கு பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். இந்த ஒரு வரியை மட்டும் என்னால் தாண்டிப் போக முடிவதில்லை.

அப்புறம் நடந்தது அலுவலகக் கதை. முதலில், பல்கலைக்கழக அதிகாரிகள் அரசின் குழந்தை நலத் துறைக்குத் தெரிவிப்பது என்று திட்டம் போட்டார்கள். பிறகு கர்லி ஒரு மின்னஞ்சல் எழுதுகிறார்: இன்னும் யோசித்தேன், நேற்று ஜோவிடமும் பேசினேன், அந்தத் திட்டம் எனக்குச் சரியாகப் படவில்லை என்று. சான்டஸ்கியிடமே பேசி, இனிமேல் சிறுவர்களை இங்கே அழைத்து வராதே என்று சொல்லிவிட்டார்கள். போலீசுக்குத் தகவல் போகவில்லை. 1998-இலேயே ஒரு தாய் புகார் கொடுத்து, விசாரணை நடந்து, வழக்குப் போடாமல் விட்டதும் உண்டு.

2011 நவம்பர் 5 அன்று சான்டஸ்கியைக் கைது செய்தார்கள். நவம்பர் 9 அன்று பட்டர்னோ, இந்தப் பருவத்தோடு விலகிக்கொள்கிறேன் என்று அறிவித்தார். 'இன்னும் கொஞ்சம் செய்திருக்கலாமே என்று இப்போது தோன்றுகிறது' என்றும் சொன்னார். அறங்காவலர் குழு பருவம் முடியும்வரை காத்திருக்கவில்லை. அன்றிரவே அவர் வீட்டுக்கு ஒரு சீட்டு போனது. அதில் ஒரு தொலைபேசி எண். அழைத்தார், வேலை போய்விட்டது என்று சொன்னார்கள். 61 ஆண்டு உழைத்தவருக்கு இப்படியா என்று மனைவி திரும்ப அழைத்துக் கேட்டார். ஆயிரக்கணக்கில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள், ஒரு தொலைக்காட்சி வேனைக் கவிழ்த்தார்கள். வேறு ஊரில் வேலையில் இருந்த நான் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளதைச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்கும் கிழவர்மேல்தான் பரிதாபம் வந்தது. சிறுவர்களின் நினைப்பு அப்புறம்தான் வந்தது. அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

2012 ஜனவரியில் நுரையீரல் புற்றுநோயில் பட்டர்னோ இறந்தார். வயது 85. ஜூனில், 48 குற்றச்சாட்டுகளில் 45-இல் சான்டஸ்கி குற்றவாளி என்று தீர்ப்பானது. 30 முதல் 60 ஆண்டு சிறை. ஜூலையில் எஃப்.பி.ஐ.யின் முன்னாள் இயக்குநர் லூயி ஃப்ரீயின் விசாரணை அறிக்கை, பட்டர்னோ, கர்லி, பல்கலைக்கழகத் தலைவர், துணைத் தலைவர் ஒருவர் என நால்வரும் உண்மையை மறைத்தார்கள் என்றது. குடும்பத்தார் அதை மறுத்து வேறு அறிக்கை வெளியிட்டார்கள். அதே ஜூலையில் ஒரு ஞாயிறு காலை சிலையைப் பெயர்த்து எடுத்துப் போனார்கள். மறுநாள் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ. ஆறு கோடி டாலர் அபராதம் விதித்து, அவருடைய 111 வெற்றிகளைக் கணக்கிலிருந்து நீக்கியது. 2015-இல் ஒரு வழக்குச் சமரசத்தில் அந்த வெற்றிகள் திரும்பி வந்தன. மொத்த வெற்றி பழையபடி 409. என்னைக் கேட்டால் இரண்டுமே விளையாட்டுத்தனம். ஆடிய ஆட்டத்தை ஆடவில்லை என்று எழுதினால் யாருக்கு என்ன ஆறுதல்?

ஊருக்கும் அவரை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கடைத்தெருவில் ஒரு பெரிய சுவரோவியம் உண்டு. சான்டஸ்கி கைதானதும் ஓவியர் அவர் உருவத்தை அழித்தார். பட்டர்னோ இறந்ததும் அவர் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வரைந்தார். ஃப்ரீ அறிக்கை வந்ததும் ஒளிவட்டத்தை அழித்தார். பல்கலைக்கழக ஐஸ்கிரீம் கடையில் சான்டஸ்கி பெயரில் ஒரு ரகம் இருந்தது, எடுத்துவிட்டார்கள். பட்டர்னோ பெயரில் இருந்த பீச் ஐஸ்கிரீமை எடுக்கவில்லை. நூலகத்திலும் பெயர் அப்படியே இருக்கிறது.

அவருக்காக வாதாடுபவர்கள் சொல்வது ஒன்றுதான்: அவர் மேலே சொன்னார், சட்டப்படி அவ்வளவுதான் அவர் கடமை. சரி, சட்டம் அப்படித்தான் இருந்தது. அவர்மீது வழக்கும் இல்லை. ஆனால் 'மேலே' என்றால் எங்கே? 2004-இல் அணி தோற்றுக்கொண்டிருந்தபோது இதே கர்லியும் பல்கலைக்கழகத் தலைவர் கிரஹாம் ஸ்பேனியரும் பட்டர்னோ வீட்டுக்கே போய், ஓய்வு பெறுங்களேன் என்று கேட்டுப் பார்த்தார்கள். முடியாது என்று அனுப்பிவிட்டார். அடுத்த ஆண்டு 11 ஆட்டங்களில் ஜெயித்தும் காட்டினார். தன் மேலதிகாரிகளை வெறுங்கையோடு திருப்பி அனுப்பக்கூடிய ஆள், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்கு மேலே யாரும் இல்லை என்பது பால்காரர் வரை தெரியும். பின்னாளில் கர்லியும் ஷுல்ட்ஸ் என்ற துணைத் தலைவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். ஸ்பேனியருக்கும் தண்டனை கிடைத்தது.

நூலகத்துக்கு அவர் கொடுத்த பணம் நல்ல பணம்தான். அங்கே படித்த படிப்பை நான் திருப்பிக் கொடுக்கப் போவதில்லை. ஆனால் அதைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, குளியலறையை இன்னொரு தட்டில் வைத்து நிறுத்துப் பார்க்கச் சொன்னால் என்னால் ஆகாது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வேலையாக அந்த ஊருக்குப் போனேன். சிலை இருந்த இடத்தில் மரங்கள் நட்டிருந்தார்கள். நூலகத்தில் என் பழைய மேசை இருந்த பக்கம் போனால், கோயம்புத்தூரிலிருந்து வந்து படிக்கும் ஒரு பெண். தமிழ் என்று தெரிந்ததும் பேச்சு வளர்ந்தது. "இந்தப் பட்டர்னோ யாருங்க சார், பெரிய பணக்காரரா?" என்று கேட்டாள். "கோச்சும்மா" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொல்லி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெற்றி எத்தனை என்று அவள் கேட்கவில்லை. சிலை எங்கே என்றும் கேட்கவில்லை. மடிக்கணினியை மூடி வைத்துவிட்டு, "அந்தப் பையனுக்கு என்னாச்சுங்க சார்?" என்றாள்.

வழக்கில் பத்துச் சிறுவர்கள், வளர்ந்து வந்து சாட்சி சொன்னவர்கள் எட்டுப் பேர், அவன் அந்த எட்டுப் பேரில் இல்லை என்று சொன்னேன்.

வணக்கம்.