நிமிர்த்தி வைத்த வளாகம்

நண்பர்களே, மருத்துவக் கல்லூரிக் கட்டடக்கலை என்றால் இத்தாலியின் பாதுவாவில் தொடங்குவது வழக்கம். 1590-களில் அங்கே கட்டிய உடற்கூறியல் அரங்கில் நடுவே ஒரு மேசை, சுற்றிலும் நீள்வட்டமாக 6 அடுக்குகள். மாணவர்கள் நெருக்கியடித்து நின்று, குனிந்து பார்ப்பார்கள். ஆசிரியர் சொல்ல, மற்றவர்கள் கேட்டுக்கொள்வது என்ற பாடமுறைக்கு அது கச்சிதமான கட்டடம்.

இப்போது 2016-க்கு வருவோம். நியூயார்க்கின் வடமன்ஹாட்டனில் கொலம்பியா பல்கலைக்கழகம் மருத்துவ மாணவர்களுக்காகத் திறந்த வாகெலோஸ் கல்வி மையம். 14 மாடி, சுமார் 1 லட்சம் சதுர அடி. வடிவமைத்தவர்கள் டில்லர் ஸ்கோஃபிடியோ + ரென்ஃப்ரோ. பழைய ரயில் பாலத்தை ஹை லைன் பூங்காவாக மாற்றியதில் பங்குள்ள அதே நிறுவனம். கூட்டாளி, ஜென்ஸ்லர் என்ற கட்டடக்கலை நிறுவனம்.

மனை சின்னது. மரத்தடி, முற்றம், தாழ்வாரம் என்று பரந்து விரிய இடமில்லை. அதனால் வளாகத்தையே நிமிர்த்தி வைத்துவிட்டார்கள். வடபக்கம் வகுப்பறைகள், உடற்கூறியல் கூடம், நோயாளிகளாக நடிப்பவர்களோடு பழகும் பரிசோதனை அறைகள், ஆபரேஷன் தியேட்டர் மாதிரிகள். இவற்றுக்கு அமைதியும் கட்டுப்பாடும் வேண்டும், அடுக்கிவிடலாம். தென்பக்கம்தான் விஷயம். அடியிலிருந்து உச்சிவரை ஒரே படிக்கட்டு வளைந்தும் மடிந்தும் ஏறுகிறது. வழியெங்கும் படிக்கும் மூலைகள், கூடிப் பேசும் இடங்கள், திறந்த மாடங்கள். கண்ணாடிக்கு அப்பால் ஹட்சன் ஆறு. 'ஸ்டடி கேஸ்கேட்', அதாவது படிப்பு அருவி, என்று அந்தப் படிக்கட்டுப் பகுதிக்குப் பெயர்.

ஏன் இந்தச் செலவு? இன்றைய சிகிச்சை குழுவேலை. முதலாண்டு மாணவனும் நான்காமாண்டு மாணவியும் எதேச்சையாகச் சந்தித்துப் பேச ஓர் இடம் வேண்டும். லிப்டில் யாரும் பேசுவதில்லை, பார்த்திருப்பீர்கள்!

எனக்கும் சந்தேகம் உண்டு. தெற்கே முழுக்கக் கண்ணாடி என்றால் வெயில் கொஞ்சமாகவா வரும்? பீங்கான் புள்ளிகளைக் கண்ணாடியிலேயே சுட்டுப் பதித்து ஒளியை மட்டுப்படுத்துவது ஒரு வழி. அதை இந்தக் கட்டடத்திலும் கையாண்டிருக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அது மட்டும் போதாது, வெளியே நிழல் வேண்டும். ஆகவே கண்ணாடியைக் காப்பியடிக்காதீர்கள்.

படிக்கட்டை மட்டும் காப்பியடியுங்கள். சரி, அதில்தான் சிக்கலும். பட்ஜெட் கூட்டத்தில் முதலில் வெட்டப்படுவது அகலமான படிக்கட்டுதான். "பயன்படாத பரப்பு" என்பார்கள். அங்கே உட்கார்ந்து படிக்கப்போகிறவர்களின் எண்ணிக்கையை வகுப்பறைக் கணக்கோடு சேர்த்துக் காட்டுங்கள். அதிகாரிகளுக்கு அந்த மொழிதான் புரியும்.