வேகத்துக்காக வேலியைப் புடுங்கலாமோ?

நேயர்களுக்கு வணக்கம். இண்டைக்கு கம்ப்யூட்டர் படிக்கிற பெடி பெட்டையளுக்கு எண்டுதான் கதைக்கப்போறன், மற்றவை கோவிக்காதேங்கோ.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிப் பக்கம் தேத்தண்ணிக்கடையில பெடியள் புரோகிராம் எழுதுற மொழியளில சி வேகமோ ரஸ்ட் வேகமோ எண்டு புடுங்குப்படுவினம். சி கெட்டிக்கார மொழிதான், ஆனா நூறு இடம் உள்ள அரேயில, அதாவது வரிசையா எண்களை அடுக்கி வைக்கிற இடத்தில, நூற்றைம்பதாவது இடத்தில எழுது எண்டாலும் ஏன் எண்டு கேளாது, பக்கத்து மெமரியில எழுதிப்போட்டு பேசாம இருக்கும், எங்கட ஊரில எல்லை வேலிக் கதியால் இரவோடிரவா அடுத்த காணிக்குள்ள போய் நிக்குமே, அதே கதை. வழக்கு பிறகுதான் வரும்.

2014இல அப்பிடி வந்த வழக்குத்தான் ஹார்ட்பிளீட். வெப்சைட்டுக்குப் போற தகவலைப் பூட்டி அனுப்புற ஓப்பன்எஸ்எஸ்எல் எண்ட லைப்ரரியில "இருக்கிறியோ" எண்டு சேர்வரைக் கேக்கிற ஒரு சின்ன மெசேஜ், கேக்கிறவன் ஒரு சொல்லை அனுப்பிப்போட்டு நீளம் 64 கிலோபைட் எண்டு பொய் சொன்னால் சேர்வர் நம்பி, மெமரியில பக்கத்தில கிடந்ததெல்லாத்தையும் அள்ளிக் குடுத்துது, பாஸ்வேர்ட் உட்பட. நீளம் சரியோ எண்டு பாக்கிற ஒரு இஃப் இல்லாத வினை.

ரஸ்ட் அப்பிடி விடாது, இடம் எல்லைக்குள்ள இருக்கோ எண்டு பாத்துத்தான் எழுதும், அதுதான் வேலி. அப்பிடி செக் பண்ணினால் ஸ்லோ ஆகும் எண்டுவினம். ஆகும்தான், எவ்வளவு எண்டுதான் ஒருத்தரும் அளக்கிறேல்ல. கூகிள் தன்ர சேர்வர்களில ஓடுற சி பிளஸ் பிளஸ் லைப்ரரிக்கு பவுண்ட்ஸ் செக்கை, அதாவது இந்த எல்லைச் செக்கைப் போட்டு 2024இல சொன்ன கணக்கு, சராசரி 0.30 சதவீதம். தேவையில்லாத செக்கை, எழுதின கோடை மெஷின் மொழிக்கு மாத்துற கம்பைலரே கழட்டிவிடும், மிச்சத்தை சிபியு முன்கூட்டியே ஊகிச்சுப்போடும்.

உண்மையா இடிக்கிறது படம், ஓடியோ மாதிரி கோடிக்கணக்கில சுத்துற லூப்பிலதான், அங்க செக் இருந்தால் எட்டுப் பத்து எண்ணை ஒரே அடியில கூட்டுற வசதியை கம்பைலர் கைவிட்டுடும். அதுக்கும் வழி இருக்கு, ரஸ்டில இத்தனையாவது இடம் எண்டு இன்டெக்ஸ் போடுறதை விட்டுட்டு, ஒண்டொண்டா தானே எடுத்துத் தாற இட்டரேட்டர் பாவியுங்கோ, இல்லாட்டி லூப்புக்கு முன்னால நீளத்தை ஒருக்கா செக் பண்ணுங்கோ, கனதரம் அதோட சரிவரும். அப்பவும் காணாட்டி அந்த ரெண்டு வரிக்கு மட்டும் அன்சேஃப், அதாவது செக் இல்லாமல் எழுத விடுற வழி. முழு புரோகிராமுக்கும் இல்ல, தயவுசெய்து.

கோ, ஜாவாவில பிரச்சினை வேற, அங்க பாவிச்சு முடிஞ்ச மெமரியைக் குப்பை மாதிரிக் கூட்டுற கார்பேஜ் கலெக்டர் இடையில வந்து கொஞ்சம் நிப்பாட்டும், பாங்க் வெப்சைட்டுக்கு அது ஒரு பொருட்டே இல்ல.

இன்னொண்டு, ரஸ்ட் ஸ்லோ எண்டு வாற பெடியளில கனபேர் பிழை தேடுறதுக்கெண்டு வேகப்படுத்தாமல் கட்டுற டீபக் பில்டைத்தான் ஓட்டிப் பாத்திருப்பினம். முதல் வேகப்படுத்திக் கட்டுற ரிலீஸ் பில்டைப் போட்டுட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.