அஞ்சடி திரும்பும் முனை

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

சிங்கப்பூரின் பழைய முனைக்கடைக் கட்டடத்துக்கு உயிராக இருப்பது அதன் கட்டமைப்பா, அதில் நடக்கும் தொழிலா என்பது இன்று நம்முன் வைக்கப்பட்டுள்ள வினா. கட்டமைப்பே என்னும் அணியில் நின்று பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், மளிகைக் கடை இருந்த முனையில் இன்று மதுக்கூடம் நடக்கிறது என்றும், அந்தச் சுவருக்குச் சாயம் பூசி வைத்திருப்பது பிணத்துக்குப் பொட்டு வைப்பதற்குச் சமம் என்றும் சொன்னார். அரங்கம் கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்குள் இருந்த வருத்தம் எனக்கும் உண்டு. ஆனால் வருத்தம் வேறு, வழக்கு வேறு. தொழில் மாறியதால் கட்டடம் இறந்துவிட்டது என்று சொல்ல வேண்டுமானால், அது ஏதோ ஒரு தொழிலுக்கென்றே பிறந்தது என்று முதலில் மெய்ப்பிக்க வேண்டும். அப்படி அது பிறக்கவில்லை.

1822 நவம்பரில், சிங்கப்பூரில் ஆங்கிலேயக் குடியேற்றத்தை நிறுவிய ராஃபிள்ஸ், நகரக் குழுவுக்கு அனுப்பிய அறிவுரையில், செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் வீடுகள் ஒரே சீரான முகப்புடன் இருக்க வேண்டும், ஒவ்வொன்றின் முன்னும் குறிப்பிட்ட ஆழத்தில் தாழ்வாரம் இருக்க வேண்டும், அது தெருவின் இரு பக்கமும் தொடர்ச்சியான, எப்போதும் திறந்திருக்கும் நடைபாதையாக அமைய வேண்டும் என்று விதித்தார். மலாயில் காக்கி லீமா என்றும் நம் வாயில் அஞ்சடி என்றும் வழங்குவது அதுதான். அந்த விதி முகப்பைச் சொன்னது, பாதையைச் சொன்னது. தாழ்வாரத்துக்குப் பின்னால் அரிசி விற்க வேண்டுமா, துணி விற்க வேண்டுமா என்று அது கேட்கவில்லை. உருவம் முதலில் வந்தது, தொழில் அதற்குள் குடிவந்தது.

நடுவர் அவர்களே, கீழே கடையும் மேலே வீடுமான கடைவீட்டின் உடற்கூற்றைச் சற்று விரித்துச் சொல்ல அனுமதி வேண்டும், ஏனென்றால் என் வாதத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. இரு பக்கமும் தடித்த செங்கற்சுவர்கள். அவற்றை அண்டை வீட்டாரோடு பகிர்ந்துகொள்வார்கள். ஒரு சுவரிலிருந்து மறு சுவருக்கு மர உத்திரங்கள் குறுக்கே போகும். உத்திரம் எவ்வளவு நீளமோ அவ்வளவுதான் கடையின் அகலம். பெரும்பாலும் 5 முதல் 6 மீட்டர். பாரத்தை எல்லாம் பக்கச் சுவர்கள் வாங்கிக்கொள்வதால், கீழ்த்தளத்தின் முன்பக்கம் முழுவதையும் தெருவுக்குத் திறந்துவிடலாம். உள்ளே தடுப்பு வைக்கலாம், எடுக்கலாம், மீண்டும் வைக்கலாம், கட்டடத்துக்கு ஒன்றும் ஆகாது. நடுவில் வானம் பார்த்த முற்றம் ஒன்று காற்றையும் வெளிச்சத்தையும் வீட்டின் வயிற்றுக்குள் இறக்கும். மேலே மரத்தளம், அதற்கும் மேலே சுட்ட மண் ஓடுகள். சில வீடுகளில் மேல்மாடித் தளத்தில், அஞ்சடிக்கு நேர் மேலே, கையகலத்துக்கு ஒரு சிறு மூடி இருக்கும். இரவில் யாராவது கதவைத் தட்டினால் அதைத் தூக்கிக் கீழே நிற்பவர் யார் என்று பார்த்த பிறகே கதவைத் திறப்பார்கள்.

இது வரிசையின் நடுவில் இருக்கும் கடைவீடு. முனை வீடு இன்னும் ஒரு படி மேல். அதற்குப் பகிர்ந்துகொள்ளும் சுவர் ஒன்றுதான். மறுபக்கம் இரண்டாவது தெரு. ஆகவே இரண்டு முகம், இரண்டு பக்க வெளிச்சம், இரண்டு பக்கச் சன்னல்கள். அஞ்சடி அந்த இடத்தில் முடிந்துவிடாமல் தூணைச் சுற்றித் திரும்பி அடுத்த தெருவோடு போகிறது. பல வீடுகளில் முனையைக் கூராக விடாமல் சாய்வாக வெட்டியிருப்பார்கள், அல்லது வளைத்திருப்பார்கள். லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்குள் நுழையும் வழியில் சிலிகி சாலையும் புக்கிட் தீமா சாலையும் கூடும் இடத்தில் நிற்கும் எல்லிசன் கட்டடம் அப்படி வளைந்த முனை கொண்டது. அதன் முகப்பில் 1924 என்ற ஆண்டும், அதைக் கட்டிய யூத வணிகரின் அடையாளமாகத் தாவீதின் நட்சத்திரமும் இருக்கின்றன. 1930களிலிருந்து எழுந்த ஆர்ட் டெக்கோ பாணிக் கடைவீடுகளில் கட்டடக் கலைஞர்கள் தம் கைத்திறனை எல்லாம் முனையில்தான் கொட்டினார்கள். கல் துகள் கலந்த ஷாங்காய் பூச்சு, கிடைமட்டக் கோடுகள், உச்சியில் ஒரு கொடிமரம். இரண்டு தெருவிலிருந்து வருபவர் கண்ணிலும் படும் இடம் அது என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். காப்பிக்கடையும் மளிகைக் கடையும் முனையைத் தேடி வந்ததற்குக் காரணமும் அதுவே. முனைக்கடையை முனைதான் உண்டாக்கியது.

தொழிலே உயிர் என்பவர்களுக்கு நம் சொந்த வரலாற்றிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். மார்க்கெட் ஸ்திரீட்டில் செட்டியார்களின் கிட்டங்கிகள் இருந்தன. கடைவீட்டின் நீண்ட கூடத்தில் பல வட்டிக்கடைகள் ஒன்றாக நடந்தன. ஆளுக்கொரு மரப்பெட்டி, ஆளுக்கொரு சாய்வு மேசை, தரையில் அமர்ந்து கணக்கு. இரவானால் அதே இடத்தில் பாய் விரியும். வங்கி என்று யாரும் அதைக் கட்டவில்லை. தென்சீனத்துக் கைவினைஞர் மரபில் வளர்ந்த வீட்டுக்குள் காரைக்குடிப் பக்கத்துக் கணக்குப்பிள்ளை சிரமமின்றிப் பொருந்திப் போனார் என்றால், அந்தக் கூடத்தின் தாராளம்தான் காரணம். நகரச் சீரமைப்பில் அந்தக் கிட்டங்கிகள் 1970களில் இடிக்கப்பட்டன. தொழில் செய்தவர்கள் வேறிடம் சென்றார்கள், தேங்க் ரோடு பக்கம் சிலர் தொடர்ந்தார்கள். தொழில் நடந்துபோய்ப் பிழைத்துக்கொண்டது, நடுவர் அவர்களே. ஆனால் உன் பாட்டனார் இங்கேதான் அமர்ந்து கணக்கெழுதினார் என்று பேரனுக்குக் காட்ட மார்க்கெட் ஸ்திரீட்டில் இன்று அந்தக் கூடம் இல்லை. உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே நின்று எந்தக் காற்றைச் சுட்டிக்காட்டுவது?

இனி என் சொந்த வழக்கு. என் தந்தையார் சிராங்கூன் சாலையிலிருந்து கிளை பிரியும் ஒரு தெருவில், முனை மளிகைக் கடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தார். காலையில் பலகைக் கதவுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி வரிசை மாறாமல் சாய்த்து வைப்பது பள்ளி விடுமுறை நாட்களில் என் வேலை. ஒவ்வொரு பலகையின் முதுகிலும் ஓர் எண் எழுதியிருக்கும். ஏழாம் பலகை எட்டாம் இடத்தில் ஏறாது. உத்திரத்தில் ஓர் இரும்புக் கொக்கி, கொக்கியில் கப்பி, கப்பியில் கயிறு, கயிற்றில் ஒரு மைலோ டின். அதுதான் கல்லாப் பெட்டி. முதலாளி கயிற்றை இழுத்தால் டின் இறங்கி வரும், சில்லறையை எடுத்துக் கொடுத்ததும் மேலே ஏறிவிடும். இழுக்கும் கயிறு உரசி உரசி அந்த உத்திரத்தின் விளிம்பில் விரல் பதியும் அளவுக்கு ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

அந்தக் கடை 1990களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. எதிரணியினர் வாடகையைப் பற்றிப் பேசினார்கள். அந்த வலியைப் புத்தகத்தில் படித்து நான் அறியவில்லை. தந்தையார் கடைசி நாளன்று அஞ்சடியில் நின்று பலகைகளை மாட்டியதை நான் பார்த்தேன். அதன் பிறகு அந்த முனையில் தையற்கடை வந்தது. பிறகு தொலைபேசி அட்டையும் ஊருக்குப் பணம் அனுப்பும் சேவையும் வந்தன. ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வேலைக்கு வந்த தம்பிமார் அந்தத் தூணைச் சுற்றித்தான் கூடினார்கள், ஏனென்றால் "முனையில் நில், வருகிறேன்" என்று சொன்னால் யாருக்கும் வழி தவறாது. மழை வந்தால் என் தந்தையார் காலத்து வாடிக்கையாளர் எங்கே ஒதுங்கினாரோ அங்கேயே அவர்களும் ஒதுங்கினார்கள். இன்று அது ஓர் உணவகம். இவற்றில் எந்தத் தொழிலை உயிர் என்று எதிரணி பெயர் சொல்லும்? மளிகை என்றால், அதற்குப் பின் வந்த மூன்றும் பிணத்தில் குடியிருந்தனவா? அந்தத் தம்பிமார் அங்கே பெற்ற நிழலும் வீட்டுக்குப் பேசிய பேச்சும் உயிர் இல்லையா?

வாடகைக்கு வருகிறேன். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், போருக்கு முந்தைய 1939ஆம் ஆண்டு வாடகையிலேயே பழைய கட்டடங்களை நிறுத்தி வைத்தது. வீடு கிடைக்காத காலத்தில் அது ஏழைகளைக் காத்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த வாடகையில் ஓடு மாற்ற எந்த உரிமையாளருக்கும் மனமும் வரவில்லை, பணமும் இல்லை. ஓடு உடைந்தால் உத்திரம் நனையும், நனைந்த உத்திரத்தைக் கரையான் தேடி வரும். தொழில் அசையாமல் இருந்தது, கட்டடம் அதன் தலைக்கு மேலேயே மக்கியது. அந்தச் சட்டம் 2001இல் முற்றாக நீங்கும் வரை, தொழிலை மட்டும் காத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நகரமே சாட்சியாக இருந்தது.

போட் கீ எனப்படும் படகுத்துறையையும் பாருங்கள். சிங்கப்பூர் ஆற்றைத் தூய்மைப்படுத்தும் பணியில் 1983ஆம் ஆண்டு சரக்குப் படகுகளான தொங்கான்கள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நடந்த சரக்குத் தொழில் நின்றுபோயிற்று. தொழிலே உயிர் என்றால் அன்றே அந்தக் கடைவீடுகளை இடித்திருக்க வேண்டும். 1989இல் தேக்கா, சைனாடவுன், கம்போங் கிளாம் ஆகியவற்றோடு படகுத்துறையும் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால்தான், ஆற்றின் வளைவோடு வளைந்து செல்லும் அந்த வரிசை இன்றும் இருக்கிறது.

எதிரணியின் வலுவான வாதம் ஒன்றே ஒன்று. முகப்பை மட்டும் வைத்துக்கொண்டு உள்ளே எல்லாவற்றையும் குடைந்து எடுத்துவிடுகிறார்களே, அதையும் பாதுகாப்பு என்பதா என்று கேட்டார்கள். அதை நானும் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வி என் அணிக்கே சேரும். அங்கே கெட்டது கட்டமைப்பு அல்லவா? வரலாற்று வட்டாரங்களில் முழுக் கட்டடத்தையும் காக்க வேண்டும் என்றுதான் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் விதி சொல்கிறது. இயன்றவரை பழையதை விட்டுவை, உணர்ந்து மீட்டெடு, கவனமாகப் பழுதுபார் என்பதே அதன் முறை. பழைய சுவரில் செங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் ஈரத்தை வாங்கி வெளியே விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசி நெகிழிச் சாயத்தால் மூடினால், ஈரம் உள்ளேயே தங்கி உப்பாகப் பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். முற்றத்தை மூடிக் குளிரூட்டி வைப்பதும் அப்படித்தான், அஞ்சடியை மேசை நாற்காலியால் அடைப்பதும் அப்படித்தான். அஞ்சடிக்கான சண்டை புதியதும் அன்று. 1888 பிப்ரவரியில் அஞ்சடிகளை அடைத்திருந்த சரக்குகளை நகராட்சி அகற்றத் தொடங்கியபோது, கடைகள் எல்லாம் அடைக்கப்பட்டு ஊரில் கலகமே மூண்டது. தொழில் எப்போதும் தன் இடத்தைத் தாண்டி வளரப் பார்க்கும். வழிப்போக்கருக்கு நிழலும் பாதையும் மிஞ்சியது, தூணும் தளமும் தம் இடத்தில் நின்றதால்.

சென்ற மாதம் என் மகளை அந்த முனைக்கு அழைத்துச் சென்றேன். உணவக உரிமையாளர் இளைஞர், கேரளத்துப் பிள்ளை. மேலே பார்க்கலாமா என்று கேட்டதும் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டார். கொக்கி அங்கேயே இருந்தது. அதில் ஒரு மின்விளக்கைத் தொங்கவிட்டிருந்தார். மகள் நாற்காலிமேல் ஏறி உத்திரத்தின் விளிம்பைத் தடவினாள். "இங்கே ஏன் அப்பா குழிந்திருக்கிறது?" என்று கேட்டாள். மைலோ டின்னையும், கயிற்றை இழுத்த கையையும், அவள் பார்த்தே இராத அவள் தாத்தாவையும் அந்தப் பள்ளத்திலிருந்து தொடங்கித்தான் அவளுக்குச் சொன்னேன்.

நன்றி, வணக்கம்.